பல நாள் குழு சைக்கிள் பயணம்: வயல்வெளிச் சாலையில் ஒரு முழு நாளை எப்படி நடத்துவது?

தொடுவானம் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. ஆறு நாள் சைக்கிள் பயணம் ஒன்றுக்கு வழி போட்டுக்கொண்டிருக்கிறேன். மொத்தம் 18 பேர். அதில் ஆறு பேர் நல்ல பழக்கமுள்ளவர்கள், சமதளத்தில் மணிக்கு 24 கி.மீ. வேகத்தைச் சிரமமில்லாமல் பிடிப்பார்கள். மற்றவர்களுக்கு 18 தான் சௌகரியம். மூட்டைகளை ஏற்றிக்கொள்ள ஒரு வேன் வருகிறது.

முதல் மூன்று நாளும் 60, 70 கி.மீ. தான், நல்ல சாலை. யோசனையெல்லாம் நான்காம் நாளைப் பற்றித்தான். 92 கி.மீ., முழுக்க விவசாய நிலம். 76 கி.மீ. குறுகலான தார்ச்சாலை. 58-ஆவது கிலோமீட்டரில் தொடங்கி 16 கி.மீ. வாய்க்கால் கரை, மண்ணும் சரளையும் கலந்த பாதை. ஏற்றம் பெரிதாக இல்லை, நிழலும் இல்லை. அறுவடைக் காலம் வேறு.

எத்தனை மணிக்குக் கிளம்புவது? எல்லோரும் ஒன்றாகப் போவதா, பிரித்து அனுப்புவதா? வேன் எங்கே இருக்க வேண்டும்? டயர், கருவிகள் விஷயத்தில் தார்ச்சாலைப் பயணத்திலிருந்து என்ன மாற வேண்டும்? பெரும்பாலோரிடம் 28 முதல் 38 மி.மீ. வரை டயர்கள் உள்ளன. இரண்டு பேரிடம் 25.

கடைசிச்சக்கரம்

முதலில் கணக்கைப் போட்டுவிடலாம், மற்றதெல்லாம் அதிலிருந்து வரும். மெதுவாகப் போகும் குழுவை வைத்துத்தான் கணக்கு. தார்ச்சாலை 76 கி.மீ., மணிக்கு 18 என்றால் 4 மணி 13 நிமிடம். கரைப்பாதை 16 கி.மீ., மணிக்கு 13 என்றால் 1 மணி 14 நிமிடம். ஆக மிதிக்கும் நேரம் ஏறக்குறைய ஐந்தரை மணி. நிறுத்தங்களுக்கு 80 நிமிடம், பஞ்சர் போன்றவற்றுக்கு 30 நிமிடம். மொத்தம் ஏழேகால் மணி நேரம். காலை 6 மணிக்குக் கிளம்பினால் பிற்பகல் ஒன்றேகாலுக்குச் சேர்வீர்கள்.

இந்த ஏழேகால் ஒன்பதாக நீள்வது மிதிப்பதால் அல்ல, நிற்பதால். 18 பேர் நின்றால் ஒருவர் கழிப்பறைக்குப் போவார், ஒருவர் சீட்டை உயர்த்துவார், ஒருவர் கடைசியில் தண்ணீர் நிரப்புவார். 10 நிமிட நிறுத்தம் 25 ஆகிவிடும். அதனால் நிறுத்தங்களைக் கிலோமீட்டர் எண்ணோடு முந்தின இரவே சொல்லிவிடுங்கள்: 23-இல் 15 நிமிடம், 44-இல் சாப்பாட்டுக்கு 35, 57-இல் 10, 75-இல் 20. கடைசி ஆள் வந்து இறங்கிய பிறகுதான் கடிகாரம் தொடங்க வேண்டும். முன்னால் வந்தவரிலிருந்து எண்ணினால், அதிகம் களைத்தவருக்குத்தான் ஓய்வு குறைவாகக் கிடைக்கும். நான்காம் நாள் அது பலிக்காது. இந்த நான்கைத் தவிர வேறெங்கும் முழுக் குழுவும் நிற்கக் கூடாது. ஒருவருக்கு நிற்க வேண்டியிருந்தால் அவரோடு ஒருவர் மட்டும் நிற்கட்டும்.

18 பேர் ஒரே கூட்டமாகப் போக வேண்டாம். ஆறு ஆறாக மூன்று குழு. குறுகிய சாலையில் 18 சைக்கிள் வால் நீண்டால் பின்னால் வரும் வண்டி முந்தவே முடியாது. கடைசியில் பொறுமையிழந்து, எதிரே வளைவு இருந்தாலும் முந்தும். குழுக்களுக்கு நடுவே 200 மீட்டராவது இருந்தால் வண்டி ஒரு குழுவை முந்தி உள்ளே ஒதுங்கி, பிறகு அடுத்ததை முந்தலாம்.

மெதுவான இரண்டு குழுக்களையும் முதலில் அனுப்புங்கள். 23 கி.மீ. போக மணிக்கு 18-இல் 77 நிமிடமும் 24-இல் 57 நிமிடமும் ஆகும். வேகக் குழு 20 நிமிடம் தாமதித்துக் கிளம்பினால் முதல் நிறுத்தத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் சேர்வார்கள். யாரும் யாருக்காகவும் காத்துக் கிடக்க வேண்டாம், குறுகிய சாலையில் முந்தவும் வேண்டாம்.

வயல்வெளியில் பெயர்ப்பலகை இல்லாத முச்சந்திகள்தான் ஆட்களைத் தொலைக்கும். எல்லோர் கையிலும் வரைபடம் இருந்தாலும் முன்னால் போகிறவரைப் பார்த்துத்தான் திரும்புவார்கள். அதற்குத் திருப்பக் காவல் முறை நல்லது. ஒவ்வொரு குழுவிலும் தலைவர் ஒருவர், கடைசி ஆள் ஒருவர். இருவரும் நாள் முழுக்க மாறக் கூடாது. ஒவ்வொரு திருப்பத்திலும் தலைவருக்கு அடுத்து வருபவர் நின்று வழி காட்ட வேண்டும். கடைசி ஆள் கண்ணில் பட்ட பிறகே அவர் நகரலாம். "எல்லோரும் போய்விட்டார்கள்" என்று வேறு யார் சொன்னாலும் நகரக் கூடாது, கடைசி ஆளைப் பார்த்தே ஆக வேண்டும். நின்றவர் குழுவின் பின்பகுதியில் சேர்ந்துகொள்வார். இந்த வேலையைக் கால் பலமுள்ளவர்களுக்குக் கொடுங்கள், அவர்களால் மறுபடி முன்னால் வர முடியும். நேராகவே போக வேண்டிய சந்திப்பிலும், பெரிய சாலை வளைந்து போய் உங்கள் வழி சின்னதாகப் பிரிந்தால் அங்கேயும் ஆள் நிறுத்துங்கள்.

வேன் பின்னால் ஊர்ந்து வர வேண்டாம். குறுகிய சாலையில் அது இன்னொரு தடை. அடுத்த நிறுத்தத்துக்கு முன்கூட்டியே போய் நிற்கட்டும். கரைப்பாதையில் வேன் வர முடியாது என்பதால், அந்த 16 கிலோமீட்டரில் வேன் ஏறி வரக்கூடிய பாலங்கள், குறுக்குச் சாலைகள் எவையென்று முந்தின நாளே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வயல் நடுவில் கதவெண்ணும் தெருப்பெயரும் கிடையாது. அந்த இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஒரு தாளில் எழுதி மூன்று குழுத் தலைவர்களிடமும் ஓட்டுநரிடமும் கொடுங்கள். கைபேசிச் சிக்னல் இல்லாத இடத்தில் தாள்தான் உதவும்.

வரப்போரம்

மேலே சொன்னதில் கிளம்பும் நேரத்தைப் பற்றி ஒன்று. அறுவடைக் காலத்தில் இயந்திரங்கள் விடிந்தவுடன் வயலில் இறங்காது. பனி ஈரம் உலர்ந்த பிறகுதான் அறுப்பு ஓடும், அதற்கு முற்பகல் ஆகும். ஆகவே 6 மணிக்குக் கிளம்பினால் பாதித் தூரம்வரை சாலை உங்களுக்கு. ஆனால் முதல் ஒரு மணி நேரம் கிழக்கு நோக்கிப் போகும் வழி என்றால் யோசிக்க வேண்டும். தாழ்ந்த சூரியன் உங்கள் கண்ணில் அடிப்பதைவிட, பின்னால் வரும் ஓட்டுநர் கண்ணில் அடிப்பதுதான் ஆபத்து. அவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். வழியைத் திருப்ப முடியாவிட்டால் அரை மணி தள்ளிக் கிளம்புங்கள், பின் விளக்கு பகலிலும் எரியட்டும்.

டிராக்டர். பின்னால் பாரப் பெட்டி கோத்த டிராக்டரின் ஓட்டுநருக்குப் பின்பக்கம் ஒன்றும் தெரியாது, இரைச்சலில் உங்கள் மணியும் கேட்காது. டிராக்டர் வேகம் குறைக்கிறது என்றால் வழி விடுகிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் வயல் வாசலில் திரும்பப் போகிறது. அகலமாகத் திரும்புவதற்காக முதலில் எதிர்ப்பக்கம் ஒதுங்கும், பிறகு சட்டென்று உள்ளே வெட்டும். அந்த இடைவெளியில் நுழைந்தவர் சக்கரத்துக்கும் வாசல் தூணுக்கும் நடுவில் மாட்டுவார். வயல் வாசல் தெரிகிற இடத்தில் முந்தவே கூடாது. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கலப்பை, திரும்பும்போது மறுபக்கம் வீசும். அதற்கும் இடம் விடுங்கள்.

எதிரே கதிர் அறுப்பு இயந்திரம் வந்தால் சாலை முழுக்க அதற்குத்தான். இறங்கி ஒதுங்குங்கள், எல்லோரும் ஒரே பக்கமாக. பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம் நின்றால் ஓட்டுநர் எந்தப் பக்கமும் ஒதுங்க முடியாது. ஒதுங்கும் முன் புல்லைக் காலால் அழுத்திப் பாருங்கள். உயர்ந்த புல்லுக்கு அடியில் ஓடை இருக்கும்.

மருந்து தெளிப்பவர்களைக் கண்டால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பாருங்கள். சாரல் உங்கள் சாலையைக் கடந்தால் தூரத்திலேயே நில்லுங்கள். தெளிப்பு வண்டி வயலின் மறுகோடிக்குப் போனதும் ஒரே மூச்சில் கடந்துவிடலாம். அதற்கு ஐந்து நிமிடம் போனால் போகட்டும். தெளிப்பவரிடம் கையசைத்துச் சொன்னால் அநேகமாக அவரே நிறுத்திவிடுவார்.

தண்ணீர்க் குப்பியின் வாய்க்கு மூடி கட்டாயம். இதைப் பலரும் அலட்சியம் செய்கிறார்கள். சாலையில் கிடக்கும் சாணமும் எருக்குழம்பும் முன்சக்கரத்திலிருந்து நேராகக் குப்பி வாயில்தான் தெறிக்கும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2007-இலும், வேல்ஸின் பில்த் வெல்ஸில் 2008-இலும் சேற்றில் நடந்த மலை சைக்கிள் போட்டிகளுக்குப் பிறகு பலருக்கு ஒரேயடியாக வயிற்றுப்போக்கு வந்தது. காரணம் காம்பிலோபாக்டர் கிருமி, விலங்குச் சாணம் கலந்த சேறு வாய்க்குள் போனது. மூடி இல்லாவிட்டால், குடிக்கும் முன் வாய்ப்பகுதியைக் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சித் துடையுங்கள். சாப்பிடும் முன் கை கழுவ வேனில் தனி கேன் வையுங்கள்.

மாட்டு மந்தை வந்தால் இறங்கி, மேய்ப்பவரிடம் கேட்டு, நடந்து கடக்க வேண்டும். பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே போகவே கூடாது. துரத்தும் நாய்க்கு வேகம்தான் தூண்டுகோல். இறங்கி சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு மெல்ல நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். குழுவாக ஓட்டும்போது நாயைக் கண்டு யாராவது சட்டென்று விலகினால் பக்கத்து ஆள் விழுவார், நாய் கடிப்பதைவிட அதுதான் அதிகம் நடக்கும். திறந்திருந்த படலைத் திறந்தபடியே விடுங்கள், சாத்தியிருந்ததைச் சாத்திவிட்டு வாருங்கள். ஒரு குழு போய் அடுத்தது வருவதற்குள் மாடு வெளியே வந்தால் அந்த ஊருக்கு இனி யாரும் சைக்கிளில் போக முடியாது.

சாலையின் மேல் வாய்க்கால் நீர் மெல்லியதாக ஓடும் சிமெண்ட் தளம் வந்தால் பாசி பிடித்திருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஹேண்டிலைத் திருப்பாமல், பிரேக் தொடாமல், மிதிக்காமல் நேராக உருள வேண்டும். சந்தேகம் இருந்தால் நடக்கலாம். சிமெண்ட் சாலையில் பலகைகள் சேரும் இடத்தில் பயணத் திசையிலேயே ஓடும் நீளக் கோடு இன்னொரு பொறி. 25, 28 மி.மீ. டயர் அதில் விழுந்தால் ஹேண்டில் திரும்பாது, ஆள் விழுவார். கோட்டைத் தாண்ட வேண்டுமானால் நல்ல கோணத்தில் வெட்டித் தாண்டுங்கள். ரயில் தண்டவாளத்துக்கும் அதேதான், முடிந்தவரை செங்குத்தாக.

ஸ்போக்கட்டை

டயரும் கருவியும் என் பங்கு.

25 மி.மீ. டயர் வைத்திருக்கும் இருவரும் ஃபோர்க்கிலும் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) பிரேக்கிலும் இடம் இருந்தால் 28-க்கு மாற்றட்டும். இடமே இல்லையென்றால் கரைப்பாதையில் அவர்கள் மெதுவான குழுவோடு போகட்டும். சரளையில் 25 மி.மீ. டயர் கல்லில் மோதி, ட்யூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கும். பாம்பு கடித்ததுபோல் பக்கத்துக்கொன்றாக இரண்டு ஓட்டை விழும்.

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்றால் தொடங்க வேண்டிய காற்றழுத்தம்: 28 மி.மீ. டயருக்கு முன் 62, பின் 68 பி.எஸ்.ஐ.; 32-க்கு முன் 50, பின் 55; 38-க்கு முன் 38, பின் 42. எடை 10 கிலோ கூடினால் நாலைந்து கூட்டலாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச எண் தாங்கும் அளவு மட்டுமே, அதையே நிரப்பினால் கரடுமுரடான சாலையில் கையும் முதுகும் வலிக்கும், பிடிப்பும் குறையும்.

57-ஆவது கிலோமீட்டரில் காற்றைக் குறைத்து 75-இல் மறுபடி அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 18 சைக்கிள், 36 டயர், ஒரு பம்ப். டயருக்கு ஒரு நிமிடம் என்றாலும் 36 நிமிடம் போய்விடும். மேலே சொன்ன அளவுகள் இரண்டு பாதைக்கும் பொதுவாகப் போட்டவைதான். காலையில் அழுத்தமானியால் பார்த்து அடித்துவிட்டு நாள் முழுக்கத் தொடாமல் இருங்கள்.

விவசாயப் பகுதியில் பஞ்சருக்குப் பெரிய காரணம் முள். வேலி வெட்டிய துண்டுகள் சாலையில் கிடக்கும், வறண்ட ஓரங்களில் நெருஞ்சி படர்ந்திருக்கும். ஓய்வுக்கு நிற்கும்போது சைக்கிளைப் புல்லில் சாய்க்காமல் தார் மேலேயே நிறுத்துவது பாதிப் பஞ்சரைத் தவிர்க்கும். ட்யூப் இல்லாத டயருக்கு ஒவ்வொன்றிலும் 40 முதல் 60 மி.லி. அடைப்புத் திரவம் வேண்டும். பழைய திரவம் சில மாதங்களில் காய்ந்துவிடும், கிளம்பும் வாரத்தில் திறந்து பார்த்து நிரப்புங்கள். முள் குத்திய சிறு ஓட்டையை அது தானாக அடைக்கும். பக்கவாட்டுக் கிழிசலை அடைக்காது.

ட்யூப் மாற்றும்போது அவசரத்தில் விடுகிற தவறு ஒன்றே ஒன்று: முள்ளை எடுக்காமல் புது ட்யூபைப் போடுவது. பத்து நிமிடத்தில் அதுவும் போகும். டயரில் உள்ள எழுத்தை எப்போதும் வால்வுக்கு நேராக வைத்து மாட்டுங்கள். ட்யூபில் ஓட்டை வால்விலிருந்து எத்தனை சாண் தூரத்தில் இருக்கிறதோ, டயரிலும் அதே தூரத்தில் முள் இருக்கும். டயரின் உட்புறத்தைத் துணியால் தடவித் தேடுங்கள், துணி சிக்கும் இடத்தில் முள். வெறும் விரலால் தடவினால் விரல் கிழியும். ஒட்டுப் போடுவதானால் உரசி, பசை தடவி, பளபளப்பு அடங்கும்வரை மூன்று முதல் ஐந்து நிமிடம் காய விட வேண்டும். ஈரத்தில் ஒட்டினால் நிற்காது. சாலையில் ட்யூபை மாற்றிவிட்டு ஒட்டுவதை மாலையில் வைத்துக்கொள்வதே குழுவுக்கு நல்லது.

அறுவடை நேரத்துக்கே உரியது வைக்கோல். பின் டீரெய்லரில் (கியர் மாற்றச் செயினை நகர்த்தும் கருவி) சரசரவென்று சத்தம் வந்தால் அந்தக் கணமே மிதிப்பதை நிறுத்த வேண்டும். வைக்கோலோ, கட்டுக் கட்டும் பிளாஸ்டிக் கயிறோ சின்னப் பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். இன்னும் இரண்டு மிதி மிதித்தால் டீரெய்லரை மேலே இழுத்து ஸ்போக்குக்குள் தள்ளும், அதைத் தாங்கும் ஹேங்கர் முறியும். ஹேங்கர் ஒவ்வொரு சட்டகத்துக்கும் வேறு. பொதுவாக ஒன்று வாங்கி வைக்க முடியாது, ஒவ்வொருவரும் தன்னுடையதைக் கொண்டு வர வேண்டும்.

கிளம்பும் முன் ஒரு அட்டவணை தயார் செய்யுங்கள்: ஒவ்வொரு சைக்கிளுக்கும் டயர் அளவு, வால்வு வகை, செயின் எத்தனை வேகத்துக்குரியது (அதாவது பின்னால் எத்தனை பல்சக்கரம்), பிரேக் பேட் எந்த மாதிரி, ஸ்போக் நீளம். 18 சைக்கிளுக்கும் 18 வகை உதிரி தேவைப்படாது, ஐந்தாறு வகைக்குள் அடங்கிவிடும். அதை வைத்து வேன் பெட்டியை நிரப்பலாம். செயின் இணைப்புக் கண்ணி 10, 11, 12 வேகத்துக்கு வெவ்வேறு, மாற்றிப் போட்டால் நழுவும். ஒவ்வொருவரும் தன் சைக்கிளிலேயே இரண்டு ட்யூப், நெம்புகோல், கைப்பம்ப், அலன் கீ கட்டு, பழைய டயர் பக்கவாட்டிலிருந்து வெட்டிய விரல் நீளத் துண்டு ஒன்று வைத்திருக்க வேண்டும். டயர் கிழிந்தால் அந்தத் துண்டை உள்ளே வைத்து ஓட்டலாம். கரைப்பாதையில் வேன் உதவாது என்பதை மறக்காதீர்கள்.

ஸ்போக் உடைவது பெரும்பாலும் பின்சக்கரத்தின் கேசட் பக்கம் (பல்சக்கர அடுக்கு இருக்கும் பக்கம்), அங்கேதான் இழுவிசை அதிகம். 32 ஸ்போக் சக்கரத்தில் ஒன்று போனால் பயணம் நிற்காது. உடைந்ததைப் பக்கத்து ஸ்போக்கோடு டேப் போட்டுக் கட்டுங்கள், அதன் இரு பக்கத்திலும் உள்ள ஸ்போக்குகளை அரைச் சுற்றுத் தளர்த்தினால் ரிம் ஓரளவு நேராகும். மெதுவாக வேன் வரை போய்விடலாம்.

மாலையில் சைக்கிளுக்கு ஐந்து நிமிடம். செயினைத் துணியால் துடைத்து, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வெளியே மிஞ்சியதை மறுபடி துடைக்க வேண்டும். தூசிப் பாதையில் அதிக எண்ணெய் மணலை ஒட்ட வைத்து அரைக்கும். டயரைச் சுற்றிப் பார்த்துக் குத்தியிருக்கும் கல், முள் எடுங்கள். கேரியர், குப்பித் தாங்கி, ஷூவின் அடிக்கட்டை ஆணிகள் சரளையில் தளரும், அலன் கீயால் ஒரு தொடுதல் போதும். டிஸ்க் பிரேக் பேடில் தேயும் பொருள் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் அன்றிரவே மாற்றிவிடுங்கள்.

தொடுவானம்

மிக்க நன்றி. வேகக் குழுவை 20 நிமிடம் பின்னால் விடும் யோசனையும் உதிரி அட்டவணையும் உடனே எடுத்துக்கொண்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். முந்தின நாள் மழை பெய்தால் கரைப்பாதையை விட்டுவிடலாமா? மாற்று வழி தார்ச்சாலைதான், ஆனால் 12 கி.மீ. கூடுதல். அடுத்து, நான்காம் நாள் என்பதால் உடம்பு பற்றிய கவலை. முட்டி வலி, உட்காரும் இடத்தில் புண், வெயில்.

ஸ்போக்கட்டை

மழைக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். முந்தின மாலை வேன் ஓட்டுநர் போய்க் குதிகாலால் அழுத்திப் பார்க்கட்டும். சரளை என்றால் ஈரம் பரவாயில்லை. களிமண் அடையாக ஷூவில் ஒட்டி வந்தால் வேண்டாம். அந்த மண் ஃபோர்க்குக்கும் டயருக்கும், மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அடைத்துக்கொண்டு சக்கரம் உருளவே உருளாது. தூக்கி நடக்க வேண்டும். தார்ச்சாலையில் கூடுதல் 12 கி.மீ. 40 நிமிடம்தான். சேற்றில் இழக்கப்போவது மணிக்கணக்கு. சேறு படிந்த சைக்கிளை வேகமாகப் பீய்ச்சும் குழாயால் கழுவாதீர்கள், ஹப்பிலும் கிராங்கிலும் உள்ள பேரிங்குக்குள் தண்ணீர் போய்விடும். வாளித் தண்ணீரும் பிரஷும் போதும்.

நிழல்தேடி

உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். நான்காம் நாள் வரும் வலிகளில் பெரும்பாலானவை முதல் நாளே தொடங்கியவை, அதனால் முதல் நாளிலிருந்தே சொல்ல வேண்டும்.

முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம், அல்லது கனமான கியரில் அழுத்திக்கொண்டிருக்கலாம். பின்பக்கம் வலித்தால் சீட் உயரம் அதிகம். மாற்றுவதானால் ஒரு தடவைக்கு 3 மி.மீ. மட்டும், பென்சிலால் பழைய இடத்தைக் குறித்துவிட்டு. நிமிடத்துக்கு 80, 90 சுற்று வரும்படி இலகுவான கியரில் சுழற்றினால் முட்டிக்குச் சுமை குறையும். எதிர்க்காற்றில் மனம் பெரிய கியரைத்தான் தேடும். அங்கே கியரைக் குறைத்து, வேகம் 14-க்கு இறங்கினாலும் சுழற்சியை விடாமல் இருக்க வேண்டும்.

எதிர்க்காற்றில் ஒருவர் பின் ஒருவராகப் போவது உதவும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் முன்னவர் மறைவில் போகிறவருக்குக் கால் பங்குக்கு மேல் உழைப்பு மிச்சம். காற்றில்லாத 18-இல் அந்த லாபம் சிறிது. அதனால் பழகாதவர்களைச் சக்கரத்தோடு சக்கரம் ஒட்டி ஓட்டச் சொல்லாதீர்கள், ஒன்றரை இரண்டு மீட்டர் விடட்டும். பக்கக் காற்றடிக்கும்போது மரவரிசையோ சோளக்கொல்லையோ முடிந்து திறந்த வெளி வரும் இடத்தில் திடீரென்று தள்ளும். முன்னால் போகிறவர் அதைக் குரல் கொடுத்துச் சொல்ல வேண்டும்.

சீட்டுப் புண்ணுக்குக் காரணம் உரசல், ஈரம், கிருமி. பேட் வைத்த கால்சட்டைக்கு உள்ளே வேறு உள்ளாடை கூடாது. மூன்று ஜோடி எடுத்து, தினமும் துவைத்து, உலர்ந்ததை மட்டுமே போட வேண்டும். துவைத்ததை உலர்ந்த துண்டில் சுருட்டி அழுத்திப் பிழிந்தால் இரவுக்குள் காயும். சேர்ந்தவுடன் அந்தக் கால்சட்டையோடு உட்கார்ந்து அரட்டை அடிக்காமல் குளித்து மாற்ற வேண்டும். புண் வராமல் தடுப்பதில் இது பாதி வேலை. விரல் மரத்துப்போனால் உள்ளங்கையின் சுண்டுவிரல் ஓரம் அழுந்துகிறது என்று பொருள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றச் சொல்லுங்கள்.

தண்ணீர் மணிக்கு 500 முதல் 750 மி.லி., கடும் வெயிலில் ஒரு லிட்டர்வரை. தாகத்தைக் கேட்டுக் குடிக்க வேண்டும், பயந்துபோய் அதற்கு மேல் வெறும் தண்ணீராகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். உப்பும் சேர வேண்டும். மாவுச்சத்து மணிக்கு 40 முதல் 60 கிராம், பசி வரும் முன்பே, முதல் மணியிலிருந்தே. 44-ஆவது கிலோமீட்டரில் வயிறு நிறைய அடைத்துவிட்டுச் சரளையில் ஏறினால் குமட்டும். அந்தச் சாப்பாட்டைப் பாதியாக்கி மீதியை 75-க்கு வைத்துக்கொள்ளலாம்.

வயல்வெளி வெயிலில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அடர்ந்து வளர்ந்த பயிர் காற்றை ஈரமாக்கும். ஒரு ஏக்கர் மக்காச்சோளம் மட்டும் ஒரு நாளில் 11,000 முதல் 15,000 லிட்டர்வரை நீரை ஆவியாக வெளியே விடும். ஆள் உயரப் பயிர் இருபுறமும் நிற்கும் சாலையில் காற்றும் அடிக்காது, வியர்வையும் உலராது. வியர்வை வழிந்தால் பயனில்லை, உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். வெப்பமானியில் எண் குறைவாக இருந்தாலும் அங்கே வேகத்தைக் குறையுங்கள், தலையிலும் முன்கையிலும் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள்.

தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு என்றால் நிழல், ஓய்வு, உப்பு கலந்த நீர். பேச்சுக் குழறினால், கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வந்தால், நடை தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. உடனே அவசர உதவிக்கு அழைத்து, அது வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். வாய்க்கால் பக்கத்தில் இருந்தால் அந்த நீரே போதும். குளிரவைப்பதைத் தள்ளிப்போடக் கூடாது, நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

வரப்போரம்

நிழலில்லாத பாதை என்றதால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் இடி மேகம் திரண்டால் சமவெளியில் உயரமான பொருள் நீங்கள்தான். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் 10 கி.மீ. தூரத்துக்குள் இறங்குகிறது. அப்போதே கட்டடத்துக்குள்ளோ வேனுக்குள்ளோ போய்விட வேண்டும். தனி மரத்தின் அடியும், சுவரில்லாத தகரக் கொட்டகையும் பாதுகாப்பு அல்ல. கம்பி வேலியை விட்டு விலகி நில்லுங்கள். கரைப்பாதையில் மாட்டிக்கொண்டால் கரையின் உச்சியிலிருந்து இறங்கி, தண்ணீரில் கால் வைக்காமல், ஆளுக்கு 15 மீட்டர் இடைவெளி விட்டுக் குந்தி உட்காருங்கள். ஒருவருக்கு அடித்தாலும் மற்றவர்கள் உதவ முடியும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே கிளம்பலாம். 57-ஆவது கிலோமீட்டர் நிறுத்தத்தில் மேகத்தைப் பார்த்து முடிவெடுக்கும் அதிகாரத்தை முன்கூட்டியே ஒரே ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள், அங்கே நின்று 18 பேரும் விவாதிக்க நேரம் இருக்காது.